தூறல் நாளில் ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர்: ஸ்மோக்கி மலையில் ஒரு பகல் நடைக்கு முழுமையான வழிகாட்டி

அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா புதிய இடமில்லை. லாங் வீக்கெண்ட் வந்தால் பூங்காவை ஒட்டிய கேட்லின்பர்க் ஊரில் கேபின் எடுத்துத் தங்குவது பலருக்கும் வழக்கம். சிக்கல் வசந்தத்தின் தொடக்கத்தில்தான் வரும். பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக் என்று பல மாதம் முன்பே கேபின் பதிவு செய்திருப்போம். போய் இறங்கினால் மலை முழுக்க மேகம் மூடி, நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். பாதிப் பேர் அன்றைக்குக் கடைத்தெருவில் சுற்றுவார்கள். மீதிப் பேர் பிடிவாதமாக ஏதாவது காட்சி முனைக்கு ஏறிப்போய், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்புவார்கள்.

இரண்டும் வேண்டாம். இப்படிப்பட்ட நாளில் காட்சி முனையை நோக்கி நடக்காமல் ஒரு கூரையை நோக்கி நடக்க வேண்டும். மேகத்துக்குள் இருக்கும்போது எந்த முனையிலும் ஒன்றும் தெரியாது, ஆனால் மழைக்கு ஒதுங்க மூன்று பக்கச் சுவரும் மேலே கூரையும் இருக்கிற இடம் நிஜமாகவே பயன்படும். அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையின் ஓரத்தில் அதற்கென்றே ஷெல்டர்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு பகலில் போய்வர வசதியானது, நியூஃபவுண்ட் கேப் என்ற மலைக்கணவாயிலிருந்து வடக்கே 3 மைல், அதாவது 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும் ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர்.

இந்த வழி ஏன் மழைக்கு ஏற்றது

நியூஃபவுண்ட் கேப் 5,046 அடி உயரத்தில், அதாவது சுமார் 1,538 மீட்டரில் இருக்கிறது. ஷெல்டர் ஏறத்தாழ 5,920 அடியில். ஆக, காரை நிறுத்தும் இடத்துக்கும் ஷெல்டருக்கும் உயர வித்தியாசம் 270 மீட்டர் போல. நடுவே ஏறி இறங்குவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பவர்களால் முடிகிற ஏற்றம்தான்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பாதை டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையாக ஓடும் மலைமுகட்டை ஒட்டியே போகிறது. முகட்டில் ஓடை கிடையாது, கடக்க வேண்டிய ஆறும் கிடையாது. பள்ளத்தாக்கில் இருக்கும் அருவிப் பாதைகள் மழைக்காலத்தில் அழகாக இருக்கும் என்று பலரும் அங்கே போவார்கள். ஆனால் இந்தப் பூங்காவில் உயிர் போகும் காரணங்களில் வாகன விபத்தும் நீரில் மூழ்குவதும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. பெரிய மழைக்கு அப்புறம் ஓடைக்கரைப் பாறையில் நின்று போட்டோ எடுப்பதைவிட, முகட்டில் நனைந்துகொண்டு நடப்பது பாதுகாப்பானது.

ஒரே விதிவிலக்கு இடி. இடிமழை முன்னறிவிப்பு இருந்தால் முகட்டுப் பக்கமே போகக் கூடாது. ஷெல்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். முன்பக்கம் திறந்து கிடக்கும் அந்தக் கட்டடம் மழையிலிருந்து காக்கும், மின்னலிலிருந்து காக்காது.

படி 1: வானிலையைச் சரியான உயரத்துக்குப் பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். போனில் கேட்லின்பர்க் வெப்பநிலையைப் பார்த்து, "15 டிகிரிதானே, ஸ்வெட்டர் போதும்" என்று கிளம்பிவிடுவார்கள். மார்ச்சில் கேட்லின்பர்க்கின் சராசரி உச்ச வெப்பநிலை சுமார் 16 டிகிரி செல்சியஸ். அதே மாதத்தில் பூங்காவின் உச்சியான குவோஹியில், 6,643 அடியில், சராசரி உச்சமே 4 டிகிரி போலத்தான். இரவில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஷெல்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தாலும் குவோஹிக்குத்தான் நெருக்கம். (2024 செப்டம்பர் வரை வரைபடங்களில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருந்ததுதான் இந்தக் குவோஹி. இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள்.)

அமெரிக்க தேசிய வானிலை சேவையின் தளத்தில், ஊர்ப் பெயரைத் தட்டாமல், வரைபடத்தில் நியூஃபவுண்ட் கேப்பையே தொட்டால் அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பு கிடைக்கும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வெப்பநிலை, காற்றின் வேகம், இடி உண்டா இல்லையா. மழை வருமா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பூங்காவின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 85 அங்குலம், அதாவது 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இப்படி. தூறல், 5 டிகிரிக்கு மேல், காற்று மிதம் என்றால் போகலாம். வெப்பநிலை 0 முதல் 3 டிகிரிக்குள், கூடவே விடாத மழை, பலத்த காற்று என்றால் போக வேண்டாம். பனி கொட்டும் நாளைவிட இது மோசம். பனி உடையில் விழுந்தால் தட்டிவிடலாம், 2 டிகிரி மழை ஊடுருவி உள்ளே இறங்கிவிடும்.

முந்தைய வாரம் எப்படி இருந்தது என்றும் பாருங்கள். மார்ச் கடைசியிலும் நிழல் விழும் வடக்குச் சரிவுகளில், பலர் மிதித்து இறுகிய பனி, கண்ணாடி போல் உறைந்து கிடக்கும். அப்படிச் செய்தி இருந்தால், ஷூவுக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக் இல்லாமல் போகக் கூடாது.

படி 2: உடுப்பு

இந்த நடையில் எல்லாமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: ஷெல்டரில் உட்காரும் அந்த அரை மணி நேரம் நீங்கள் காய்ந்த துணியில் இருப்பீர்களா? நடக்கும்போது உடம்பு தானே சூடாகிக்கொள்ளும். நின்றவுடன்தான் குளிர் கடிக்கும். அதனால் உடுப்பை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒன்று நனையப்போவது, மற்றொன்று நனையவே கூடாதது.

நனையப்போவதில் முதல் விதி, பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், காட்டன் சாக்ஸ் எல்லாம் கேபினிலேயே இருக்கட்டும். ஈரம் குடித்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஓடுவதற்கு வாங்கிய பாலியஸ்டர் டி-ஷர்ட், கம்பளி சாக்ஸ், மெல்லிய நைலான் பேண்ட் போதும். விலை உயர்ந்த பிராண்ட் தேவையில்லை. அதன் மேல் ஒரு மெல்லிய ஃப்ளீஸ், அதற்கும் மேல் தொப்பி வைத்த ரெயின் ஜாக்கெட்.

ரெயின் ஜாக்கெட்டில்தான் காசைப் போட வேண்டும். அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்ததாக இருந்தால் நல்லது. மழையைவிட வியர்வையால் நனைந்தவர்களைத்தான் வழியில் அதிகம் பார்க்கலாம். கார் நிறுத்துமிடத்தில் கதகதப்பாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தால், கால் மைலுக்குள் உள்ளே தொப்பலாகிவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. பத்து நிமிடம் நடந்ததும் ஒரு முறை நின்று, ஃப்ளீஸைக் கழற்றுவதா, ஜிப்பைத் திறப்பதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடை எடுத்துப்போகலாமா என்று கேட்பார்கள். காற்றில்லாமல் மரங்களுக்குள் நடக்கும்போது குடையைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் முகட்டில் காற்று திரும்பினால் குடையும் திரும்பும். பாறையில் கை ஊன்ற வேண்டிய இடத்தில் ஒரு கை குறைவது இன்னொரு கஷ்டம். தலை வழியாக மாட்டும் போன்ச்சோ மழையங்கிக்கும் இதே கதைதான். கீழே பறந்து காலை மறைத்தால் அடுத்த கல் கண்ணுக்குத் தெரியாது.

கைக்கு, கம்பளிக் கையுறையும் அதன் மேல் பாத்திரம் கழுவப் பயன்படுத்தும் ரப்பர் கையுறையும் போடலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். விரல் விறைத்துப்போனால் ஜிப்பைக்கூட இழுக்க முடியாது. ரப்பர் கையுறையைப் பெரிய அளவில் வாங்குங்கள்.

காலுக்கு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ எதுவானாலும் சரி. தண்ணீர் புகாத ஷூ என்றாலும் மேலிருந்து வழிந்து சாக்ஸ் நனையத்தான் போகிறது. அடி தேய்ந்துபோன வாக்கிங் ஷூ மட்டும் வேண்டாம். ஈரக் கல்லிலும் வேரிலும் அது வழுக்கும்.

இனி, நனையக் கூடாத பங்கு. ஒரு காய்ந்த மேல் உடுப்பு, ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு தடித்த பஃபர் ஜாக்கெட் அல்லது கனமான ஃப்ளீஸ், ஒரு குல்லாய். இவற்றை ஜிப்லாக் பையில் போட்டு, பைக்குள் விரித்த பெரிய குப்பைக் கவருக்குள் வையுங்கள். வெளியே மாட்டும் மழையுறையை மட்டும் நம்பினால் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். ஷெல்டருக்குப் போகும்வரை எவ்வளவு குளிர்ந்தாலும் இதைத் தொடக் கூடாது. அவ்வளவு குளிர்ந்தால் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

படி 3: பையில் மற்றவை, முக்கியமாகச் சாப்பாடு

ஹெட்லேம்ப், பவர் பேங்க், டிரெயில் வரைபடம் (போனில் ஆஃப்லைனாக ஒன்று, காகிதத்தில் ஒன்று), சிறிய முதலுதவிப் பொட்டலம், விசில், அவசரத்துக்குப் போர்த்தும் அலுமினியப் போர்வை. நடைக்கோல் இரண்டு இருந்தால் இறங்கும்போது முழங்கால் வாழ்த்தும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போதும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் கொண்டுபோனதையே குடிக்க மாட்டோம். ஷெல்டரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பெயருக்கேற்ற சில்லென்ற ஊற்று குழாய் வழியாகக் கொட்டுகிறது. அதை அப்படியே குடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் கொதிக்க வைத்தோ, ஃபில்டரில் வடித்தோதான் குடிக்க வேண்டும்.

சாப்பாட்டில், புளியோதரையும் எலுமிச்சை சாதமும் நம் பயணங்களின் நிரந்தர விருந்தாளிகள். இந்த நடைக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 4 டிகிரியில் சோறு விறைத்துப்போகும். கையுறையைக் கழற்றி, பிசைந்து சாப்பிட்டு, கை கழுவத் தண்ணீர் தேடுவதற்குள் விரல் மரத்துவிடும். சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு மசாலாவைச் சுருட்டி ஃபாயிலில் மடித்தால், கையுறையைக் கழற்றாமலே சாப்பிட்டு முடிக்கலாம். கூடவே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். நடந்துகொண்டே கடிக்க இவை இரண்டும் போதும்.

பிளாஸ்க்கில் மிளகு ரசம். இதை விட்டுவிடாதீர்கள். நல்ல ஸ்டீல் பிளாஸ்க்கை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க ரசத்தை ஊற்றினால் மதியம்வரை சூடு தாங்கும். பருப்பும் தக்காளித் தோலும் அடைக்காதபடி வடிகட்டி ஊற்றுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு பிளாஸ்க்கில் ஹார்லிக்ஸ்.

படி 4: மலைக்குப் போய்ச் சேர்வது

நியூஃபவுண்ட் கேப், யு.எஸ். 441 சாலையில், கேட்லின்பர்க்குக்கும் செரோக்கி என்ற ஊருக்கும் நடுவில் இருக்கிறது. பனியோ ஐஸோ இருந்தால் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள். ஏப்ரலில்கூட அப்படி நடக்கலாம். கிளம்பும் காலையிலேயே தேசியப் பூங்காவின் தளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். கீழே இலை துளிர்த்திருப்பதைப் பார்த்து மேலேயும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2023 மார்ச் 1 முதல், 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும். அறிமுகமானபோது வைத்த கட்டணம் நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. மூன்று நாளுக்கு மேல் தங்கினால் வார டேக்தான் லாபம். கேட்லின்பர்க் பக்கம் ஷுகர்லாண்ட்ஸ், செரோக்கி பக்கம் ஓகோனலஃப்டி, இரண்டு பார்வையாளர் மையங்களிலும் கிடைக்கும். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, செல்போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. டேங்க் நிரப்புவது, வரைபடம் இறக்குவது, "மாலை ஐந்துக்குள் கூப்பிடாவிட்டால் தேடு" என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வைப்பது எல்லாம் ஊருக்குள்ளேயே முடியட்டும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூங்காவின் இந்தப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை. நாஷ்வில்லிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: இங்கே கிழக்கு நேரம். கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும்.

ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி வருகைகள் பதிவாகும் பூங்கா இது, நாட்டிலேயே அதிகம். நியூஃபவுண்ட் கேப் பார்க்கிங் மழை நாளிலும் நிறையும். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வாகன நிறுத்தத்தை ஒட்டிக் கல்லால் கட்டிய மேடை ஒன்று இருக்கும். அது ராக்ஃபெல்லர் நினைவிடம். பூங்காவுக்கு நிலம் வாங்க அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. 1940 செப்டம்பர் 2 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இங்கே நின்றுதான் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்கிறது. மறக்காமல் போய்விட்டு வாருங்கள்.

படி 5: நடை

நினைவிடத்தை ஒட்டியே பாதை தொடங்குகிறது. மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைவரை ஏறத்தாழ 2,200 மைல் நீளும் அப்பலாச்சியன் டிரெயிலின் அடையாளம் அது. மேகத்துக்குள் நடக்கும்போது இதுதான் கயிறு. கொஞ்ச நேரமாக வெள்ளைப் பட்டையே கண்ணில் படவில்லை என்றால் நின்றுவிடுங்கள். கடைசியாகப் பார்த்த பட்டைவரை திரும்பி வந்து, அங்கிருந்து மறுபடி தேடுங்கள்.

முதல் பகுதி விடாத ஏற்றம். கல்லும் வேரும் கலந்த பாதை, மழை பெய்தால் பாதையே சிறு வாய்க்காலாகிவிடும். இங்கே அவசரம் கூடாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கினால் வியர்க்கும், வியர்த்தால் ஷெல்டரில் நடுங்குவீர்கள். ஈர வேரின் மேல் கால் வைக்காமல் தாண்டி வையுங்கள். மண் சரியாமல் இருக்கப் பாதைக்குக் குறுக்கே பதித்த கட்டைகளும் அப்படித்தான், ஈரத்தில் வழுக்கும். சேற்றைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிச் சுற்றிப்போகத் தோன்றும். அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பாதை அகலமாகி, ஓரச் செடிகள் செத்துப்போகின்றன. நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஷூ எப்படியும் நனைந்ததுதானே.

சுற்றிலும் நிற்பவை ரெட் ஸ்புரூஸ், ஃபிரேசர் ஃபர் மரங்கள். கனடாவில் இருக்க வேண்டிய மாதிரியான காடு, தெற்கே இவ்வளவு தூரத்தில் மலையுச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது. நடுநடுவே சாம்பல் நிறத்தில் எலும்பாக நிற்கும் மரங்களைப் பார்ப்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த, பஞ்சு போல் அப்பிக்கொள்ளும் மிகச் சிறிய பூச்சி ஒன்று முதிர்ந்த ஃபிரேசர் ஃபர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. இந்தப் பட்ட மரங்கள் காற்றில் விழும். அதனால் ஓய்வெடுக்க நின்றால் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பாசி மூடிய தண்டுகள் மேகத்தில் மங்கிக் கரைவதைப் பார்க்கத்தான் தூறல் நாளில் வர வேண்டும் என்பேன். வெயிலில் இந்தக் காடு பாதி அழகுதான். ஏப்ரல் என்றால் பாதையோரத்தில் ஸ்பிரிங் பியூட்டி என்ற சின்னஞ்சிறு வெள்ளை, இளஞ்சிவப்புப் பூக்கள் தரையோடு விரிந்திருக்கும். மேகமூட்டத்தில் இதழை மூடிக்கொள்ளும் பூ அது, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

1.7 மைலில் வலப்பக்கம் ஸ்வெட் ஹெய்ஃபர் கிரீக் டிரெயில் பிரிந்து கீழே போகும். அதில் இறங்க வேண்டாம். 2.7 மைலில் இடப்பக்கம் பூல்வர்ட் டிரெயில் பிரிந்து மவுண்ட் லெகான்ட்டுக்குப் போகிறது. உச்சிவரை இன்னும் ஐந்து மைலுக்கு மேல். இரண்டு இடத்திலும் பெயர்ப்பலகை இருக்கிறது. பலகையைப் படித்து, ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகருங்கள். திரும்பி வரும்போது களைப்பில் தடுமாறினால் அந்தப் போட்டோ உதவும். கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவர் சந்திப்பில் நின்று எல்லோரும் வந்தபின்தான் கிளம்ப வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஷெல்டர் வந்துவிடும். பிள்ளைகளோடு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் மதியம் பன்னிரண்டரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் போய் விவாதம் செய்தால், இன்னும் கொஞ்சம் தூரம்தானே என்பவர்தான் ஜெயிப்பார்.

படி 6: ஷெல்டரில் முதல் ஐந்து நிமிடம்

மூன்று பக்கம் கற்சுவர், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே பன்னிரண்டு பேர் படுக்கும் மரப் பலகை மேடைகள். இரவு தங்க முன்பதிவு அனுமதி வேண்டும், பகலில் வந்து உட்கார அது தேவையில்லை.

உள்ளே போனதும் உட்காராதீர்கள், ரசத்தையும் திறக்காதீர்கள். உடம்புச் சூடு இருக்கும்போதே நனைந்த மேல் உடுப்பைக் கழற்றி, துடைத்து, காய்ந்ததைப் போட்டு, மேலே பஃபர் ஜாக்கெட், தலைக்குக் குல்லாய். இவ்வளவையும் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். பிள்ளைகளுக்கு முதலில். அதற்கப்புறம் பிளாஸ்க்கைத் திறக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால், ரசம் குடித்து முடிக்கும்போது உடை மாற்ற மனசே வராத அளவுக்குக் குளிர்ந்துபோயிருப்பீர்கள்.

சாப்பிடும்போதே ஒருவரையொருவர் கவனியுங்கள். நடுக்கம் நிற்கவில்லையா, பேச்சு குழறுகிறதா, பட்டன் போட முடியாமல் கை தடுமாறுகிறதா, கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று எரிந்து விழுகிறாரா? உடல்வெப்பம் இறங்கத் தொடங்கியதன் அறிகுறிகள் இவை. அவருக்குக் காய்ந்த துணி, அலுமினியப் போர்வை, சூடான இனிப்புப் பானம், கடிக்க ஏதாவது. கொஞ்சம் தேறியதும் நடுவில் விட்டுக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். நடுக்கம் நின்றும் ஆள் மந்தமாகவே இருந்தால் தேறிவிட்டதாக நினைக்க வேண்டாம், நிலைமை முற்றுகிறது. அவரை நடக்க வைக்காமல் ஷெல்டரிலேயே படுக்க வைத்துப் போர்த்தி, 911 அழைக்க சிக்னல் தேடுங்கள்.

மார்ச் கடைசி, ஏப்ரல் என்றால் ஷெல்டரில் நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன்வரை நடக்கிறவர்கள் 200 மைல் தாண்டி இங்கே வந்து சேரும் பருவம் அது. அவர்களுக்கு இந்தப் பலகைதான் இன்றைய படுக்கை. ஈர ஜாக்கெட்டையும் சேற்று ஷூவையும் அதன் மேல் வைக்காமல் ஓரமாக உட்காருங்கள். பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுவார்கள். ஒரு சப்பாத்தி ரோலை நீட்டிப் பாருங்கள், முகம் மலர்வதைப் பார்க்கலாம். கை குலுக்குவதை மட்டும் தவிர்க்கலாம். ஷெல்டர்களில் நோரோவைரஸ் வாந்திபேதி பரவுவது உண்டு. ஹேண்ட் சானிடைசர் அந்தக் கிருமியிடம் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. சோப்பை ஊற்றுக்குள் கலக்காமல், தண்ணீரைப் பிடித்துத் தள்ளிப்போய்க் கழுவுங்கள்.

பூங்காவில் ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் இருப்பதாகப் பூங்கா நிர்வாகம் சொல்கிறது. குளிர்கால உறக்கம் கலைந்து அவை பசியோடு வெளியே வரும் காலமும் இதுதான். பார்த்தால் குறைந்தது 50 கெஜம் தள்ளியே நில்லுங்கள். ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். ஆனால் கரடியைவிடக் கரடிக்குக் கிடைக்கும் சாப்பாடுதான் பிரச்சினை. ஊற்றுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது பையைத் தனியே விட்டுப் போகக் கூடாது. ஆரஞ்சுத் தோல், கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு எதையும் புதரில் வீசக் கூடாது. மக்கிப்போகிற பொருள்தானே என்ற வாதம் இங்கே எடுபடாது. எல்லாம் ஒரு கவரில் கட்டிக் கீழே வர வேண்டும். ஷெல்டர் எலிகளும் அந்தக் கவருக்காகத்தான் காத்திருக்கின்றன.

படி 7: திரும்புவது

இன்னும் ஒரு மைல் போனால் சார்லீஸ் பனியன். 1925 காட்டுத்தீயும் 1929இல் கொட்டிய பெருமழையும் மண்ணை உரித்துப்போட்ட மொட்டைப் பாறை. வழிகாட்டி சார்லி கானரின் பாதத்தில் புடைத்திருந்த எலும்பை (ஆங்கிலத்தில் அதற்குப் பனியன் என்று பெயர்) பார்த்து எழுத்தாளர் ஹொரேஸ் கெஃபார்ட் வைத்த பெயர் என்பார்கள். தெளிந்த நாளில் அங்கே நின்று பார்க்கும் காட்சி அபாரம். இன்றைக்கு வேண்டாம். ஷெல்டரிலிருந்து அங்கே இறக்கம், அதனால் திரும்பும்போது கூடுதல் ஏற்றம். போய் நிற்கும் இடமோ பள்ளத்தை ஒட்டிய ஈரப் பாறை. மேகத்தில் விளிம்பு எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது.

கிளம்பும் முன் இன்னொரு முறை உடை மாற்றம். காய்ந்ததைத் திரும்பக் கவரில் கட்டிவிட்டு, அந்த நனைந்த டி-ஷர்ட்டையே போடுங்கள். யாருக்கும் பிடிக்காத நிமிடம் இதுதான். சில்லென்று ஒட்டும், கத்தத் தோன்றும். ஐந்து நிமிட நடையில் சூடாகிவிடும். காய்ந்ததிலேயே இறங்கினால், வழியில் யாருக்காவது கால் பிசகி ஒரு மணி நேரம் உட்கார நேர்ந்தால் உங்களிடம் காய்ந்தது எதுவும் இருக்காது. சிறு பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விதி வேண்டாம், காய்ந்த துணியின் மேலேயே ரெயின் ஜாக்கெட்டை மாட்டிவிடுங்கள். அவர்களுக்கு இன்னொரு செட் எடுத்து வந்திருக்க வேண்டும்.

வெள்ளைப் பட்டை இரண்டு திசைக்கும் ஒன்றுதான் என்பதால், மேகத்தில் ஷெல்டரிலிருந்து தவறான பக்கம் கிளம்புவது எளிது. குழாய் ஊற்றைக் கடந்து, பாதை செங்குத்தாக இறங்கிக்கொண்டே போகிறதென்றால் நீங்கள் சார்லீஸ் பனியனுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சரியான பக்கம் என்றால் கால் மைல் போலப் போனதும் பூல்வர்ட் சந்திப்புப் பலகை வந்துவிடும்.

இறக்கத்தில்தான் அதிகம் பேர் விழுவார்கள். நடைக்கோலைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள், அடியைச் சிறிதாக வையுங்கள், கல்லின் மேல் முழுப் பாதமும் பதியட்டும். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் நின்று எடுங்கள்.

காருக்கு வந்ததும் கீழ் உடுப்பு உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இதற்காகக் காரிலேயே ஒரு முழு செட்டும் துண்டும் செருப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தால் புண்ணியம். ஹீட்டரைப் போட்டு, வீட்டுக்கு விஷயத்தைச் சொல்ல சிக்னல் கிடைக்கும் இடம்வரை மெதுவாக இறங்குங்கள். மேகத்துக்குள் 441 சாலையின் வளைவுகள் திடீரென்று முன்னால் வந்து நிற்கும்.

கேபினில், ஷூவின் உள்ளடியைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றுங்கள். ஹீட்டர் முன்னால் வைத்தால் ஒட்டிய பசை விட்டுப்போகும். ரெயின் ஜாக்கெட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணிக்குள் இறங்கியிருந்தால், மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். ஊருக்குப் போனதும் அதற்கென்று விற்கும் திரவத்தில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் போட்டெடுங்கள்.